நோய்க்காலத்து வசந்தம்

பெருநோய் பரவுங் காலத்தே மலரும் பூ நமக்கு நம்பிக்கை தருமோ, நந்துயரை எள்ளுமோ என்பது ஆராயற்பாலது.

சீனதேசத்து வூஹான் நகரம் 2020ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதி கொரோனாத் தொற்றினால் அடைக்கப்பட்டு, ஏப்ரல் 8ஆந் திகதி திறக்கப்பட்டது. இடையே மார்ச் மாதத்தில், பார்வையாளர்க்கு வாயில் அடைபட்டிருந்த வூஹான் பல்கலைக்கழகத்துச் செர்ரி மரங்கள் வழக்கம்போற் பூத்தன. அப்பூக்கள் ஒருவரது நோயையுந் தீர்த்தனவல்ல. உறவினரை இழந்தார்க்கு அவை ஆறுதலாகாமையுங் கூடும். நோயாளரைக் காத்தோர், முடிவு இன்னதென்றறியாமலே இரவும் பகலும் பணிசெய்த மருத்துவரும் தாதியருமே. பிறமாகாணங்களினின்று வந்துதவிய அவருட் பலரை 2021 மார்ச்சில் அப்பல்கலைக்கழகம் அழைத்துப் பூக்காட்சி காட்டிச் சிறப்பித்தது.

ஆதலின், நம்பிக்கையாவது பயன் புலப்படாதபோதுங் கடமையை விடாது செய்தலேயாம். காண்பாரை நோக்காது பூத்த மரமும் இதனையே உணர்த்தும். ஆசிரியர்காள்! நோயுற்று மெலிந்து பள்ளிக்கு மீளும் பிள்ளைக்கு நல்வார்த்தை மாத்திரம் போதாது; அவன் தவறவிட்ட பாடத்தை அருகிருந்து கற்பித்தலே நாம் அவனுக்கு அளிக்கத்தக்க வசந்தமாகும்.