இறங்கத் தெரிதல்

பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி, ஏறுவதையே இலக்காகக் கொண்டவர்களின் இடம். 1978-இல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராம நிலங்களில் அது தொடங்கியது. பதவியும் ஊதியமும் அங்கே உயரத்தால் அளக்கப்படுகின்றன. அத்தகைய பணியில் இருப்பவர் விடுமுறை நாளில் ரிமோட்டால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டால் முதலில் கற்பது வேறொன்று: ஏற்றுவது எளிது, மெல்ல இறக்குவதே கடினம்.

தரை நெருங்க நெருங்கப் புதியவர் பதறுகிறார். உயரத்தைக் காப்பதாக எண்ணி எலிவேட்டர் குச்சியைப் பின்னுக்கு இழுக்கிறார். விமானத்தின் மூக்கு நிமிர்கிறது, வேகம் குறைகிறது, இறக்கையைத் தழுவி ஓடிய காற்று பிரிகிறது. தாங்கும் விசையை இழந்த விமானம் ஒருபக்கம் சாய்ந்து விழுகிறது. இதை ஸ்டால் என்பர். விமானத்தில் பழுதில்லை; உயரத்தை விட மனமில்லாத கைதான் அதை வீழ்த்தியது.

தேர்ந்தவரோ காற்றை எதிர்கொண்டு விமானத்தைக் கொண்டுவருகிறார். த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைச் சற்றே தாழ்த்தி, உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைக் காக்கிறார். தரைக்கு ஓரிரு அடி மேலே வந்த பிறகே குச்சியை மெதுவாக இழுக்கிறார். முன்பு வீழ்த்திய அதே செயல் இப்போது காப்பாற்றுகிறது! அப்படியானால் பற்றிக்கொள்வது குற்றமா, குணமா?

குடும்பப் பொறுப்பை மகனிடம் ஒப்படைக்க வேண்டிய தந்தையைப் பாருங்கள். சாவிக்கொத்தைக் கடைசிவரை விடாதவர் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் வீசிவிட்டு ஒதுங்குபவரும் உண்டு. அதைத் துறவு என்று அவர் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது மூக்கு குத்தி இறங்குவதுதான். பொறுப்பை முன்னரே சிறிது சிறிதாகக் கொடுத்துவந்து, இறுதியில் மட்டும் சற்றுத் தாங்கிப் பிடிப்பவர் அரியவர்.

2024 ஜூன் 23 அன்று சித்ரதுர்கா அருகே இஸ்ரோவின் ஆளில்லாப் ‘புஷ்பக்’ 4.5 கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து 500 மீட்டர் விலகியிருந்தும், தானே திருத்திக்கொண்டு, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பத்திரமாகத் தரையிறங்கியது. உந்துவிசையின்றி இறங்கும் அதற்கு மறுவாய்ப்பு இல்லை.

மாதிரி விமானத்துக்கு அது உண்டு. வருகை கோணலானால் த்ராட்டிலைக் கூட்டி மேலேற்றி, மற்றொரு சுற்று வரலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை. அதனால்தான் அனுபவமுள்ளோர் பேட்டரி தீரும்வரை பறப்பதில்லை. இன்னொரு சுற்றுக்கு மின்சாரம் எஞ்சியிருக்கும்போதே இறக்கத் தொடங்கிவிடுகின்றனர்.