காண்போரும் காணப்படுவோரும்

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் அலாஸ்கா என்னும் பெருநிலம் உள்ளது. 1867ஆம் ஆண்டில் உருசியப் பேரரசு அதனை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. அங்கே வழிவழியாய் வாழ்ந்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்டாரில்லை.

அந்நிலத்தின் நடுவே பேர்பாங்ஸ் நகரை ஒட்டிச் சேனா என்னும் ஆறு ஓடுகிறது. படகில் பயணிகளை ஏற்றிச் சென்று காட்சிகளைக் காட்டும் தொழிலை, 1950ஆம் ஆண்டில் பிங்க்ளி குடும்பத்தார் அங்கே தொடங்கினர். இன்றும் கோடைதோறும் பின்புறம் பெருஞ்சக்கரம் சுழலும் படகு செல்கிறது. கரையில் பனிவண்டி இழுக்கும் நாய்களைக் காட்டுவர். பின்பு பார்வையாளருக்கென்றே அமைக்கப்பட்ட அதபாஸ்கன் பழங்குடிச் சிற்றூரில் இறக்குவர்.

ஒரு மக்களின் வாழ்வை மற்றொரு மக்கள் காசு கொடுத்துக் காண்பது தகுமா? தகாது என்று ஒரே சொல்லில் முடிப்பாரும் உளர். நாம் அவ்வாறு முடிக்கத் துணியோம். நாம் ஆலையில் தறி ஓட்டிய நாளில் நம்மைக் காணவும் கனவான்கள் வந்ததுண்டு. ஐயங்களையெல்லாம் மானேஜரிடமே கேட்பர். தறியண்டை நிற்பவனுக்கும் வாய் உண்டென்பது அவர்கள் நினைவில் வராது. பார்வை நம்மைச் சுட்டதில்லை. அந்த மறதியே சுட்டது. சேனாக் கரையிலோ பழங்குடி இளைஞர்களே முன்வந்து தம் முன்னோர் வரலாற்றைத் தம் வாயால் உரைக்கின்றனர். வந்தோர் அவர்களையே கேட்கலாம். இது சிறிய வேறுபாடன்று.

எனினும் எதைக் கேட்பது? சால்மன் மீனை அறுத்து உலர்த்திப் புகையூட்டும் முறையை அங்கே காட்டுகின்றனர். நெடிய பனிக்காலத்தில் மனிதருக்கும் நாய்களுக்கும் அதுவே உணவாயிருந்தது. சேனா தனனாவில் கலக்கிறது. தனனா யூக்கான் பேராற்றில் கலக்கிறது. அந்த யூக்கானில் மீன்வரத்து வீழ்ந்தமையால், 2021ஆம் ஆண்டில் கரைவாழ் மக்கள் தம் உணவுக்குச் சால்மன் பிடிப்பதும் தடுக்கப்பட்டது. கனடாவரை ஏறிச்செல்லும் சினூக் சால்மனை 7 ஆண்டுகள் பிடிப்பதில்லை என்று 2024இல் அலாஸ்கா அரசும் கனடாவும் உடன்பட்டன. நீர் வெப்பமடைவதை அறிஞர் ஒரு காரணமாகச் சொல்வர். கடலில் இழுவலைக் கப்பல்கள் வாரிச் செல்வதைக் கரையார் சொல்வர். நதியைக் காக்கத் தடை வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயின் வீழ்ச்சிக்குக் காரணமான உலக வெப்பத்தை மூட்டியவர் பலர். அடுப்பு அணைந்ததோ ஆற்றங்கரையாருக்கு.

பழைய வழக்கம் என்று எண்ணிப் பயணிகள் படம் பிடிக்கும் அத்தொழில், அம்மக்களில் பலருக்கு நேற்றுவரை இருந்து இன்று நின்றுபோன தொழில். கத்தியேந்தி மீன் அறுத்துக் காட்டும் இளைஞரிடம் ஒருவரேனும், "உம் ஊரில் இவ்வாண்டு மீன் உலர்ந்ததா?" என்று கேட்பாராயின், படகு புறப்படச் சற்றுத் தாமதமாகலாம்.