மறைந்து எய்யும் அம்பும் அறமும்

ஆற்றல் உடையவன் ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டு, தன் வரவை அறியாத ஓர் உயிரின்மீது அம்பு தொடுக்கலாமா? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. கம்பன் வாலி வதைப் படலத்தைப் பாடிய பின்னர், புலவர் அவைகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் தீராத வழக்காக அது நிலைத்துவிட்டது. மார்பில் தைத்த கணையோடு வாலி கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு இலக்குவன் விடை கூறுகிறான்: நேர் நின்றால் நீயும் அடைக்கலம் என்று வந்துவிடக்கூடும், அதனாலேயே என் அண்ணன் மறைந்து நின்றான் என்பது அவ்விடை. வழக்குரைஞரின் விடை என்ற அளவில் அது நன்று. நெஞ்சுக்கு அது போதுமா என்று கேட்டால், தமிழுலகம் இன்றும் இரண்டு கட்சியாகவே பிரிந்து நிற்கும்.

அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதே வினா வட அமெரிக்கக் காடுகளில், கரடி வேட்டைப் பருவந்தோறும், மரத்தின்மேல் அமைத்த பரணில் அமர்ந்து காத்திருக்கும் வில்லாளனின் முன் வந்து நிற்கிறது. அவன் வேட்டைக்குப் புதியவனாகவும் இருந்துவிட்டால் வினா இன்னும் கூர்மை பெறுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றின் மக்களும் பேரர்களும் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்தம் அண்டை வீட்டார் சிலர்க்கு இவ்வேட்டை தந்தையிடமிருந்து மகன் பெறும் வழக்கம். அதனை வெறுத்து ஒதுக்குவதும் எளிது. வியந்து போற்றுவதும் எளிது. விளங்கிக்கொண்டு எடைபோடுவதே நமக்குத் தகும்.

பரணும் கரடியும்

பரண் என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்குக் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் நினைவிற்கு வரும். அந்தப் பரண் காவலுக்கு உரியது. கிளியை ஓட்டவும் யானையை விலக்கவும் எழுந்தது. அமெரிக்க வேடனின் பரண் விலக்குவதற்கன்று, வரவழைத்துக் கொல்வதற்கு. 15 முதல் 20 அடி உயரத்தில், மரத்தோடு பிணைத்த சிறியதோர் இருக்கை. வேடன் விழாதபடி அவன் உடலையும் மரத்தோடு பிணைக்கும் வார்க்கச்சை. புதியவர்க்கு அங்கே முதலில் கற்பிக்கப்படுவது வில்வித்தையன்று, இக்கச்சையை அணியும் முறையே. பரணிலிருந்து விழுந்து முடமானோரும் இறந்தோரும் உண்டு.

அவன் காத்திருப்பது அமெரிக்கக் கருங்கரடிக்காக. பழமும் கொட்டையும் புல்லும் எறும்பும் அதன் உணவில் பெரும்பகுதி. அதன் கண்ணைவிட மூக்கு பன்மடங்கு கூரியது. ஆதலின் வேடன் உயரத்தில் அமர்கிறான், காற்று தன்னிடமிருந்து கரடியின் பக்கம் வீசாத இடத்தைத் தேர்கிறான், மணிக்கணக்கில் அசையாதிருக்கிறான். கரடி ஏறத்தாழ 20 கெஜத் தொலைவில் வந்து நிற்கும்போதுதான் அவன் வில்லை வளைக்கலாம். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ குருதியை வெளியேற்றியே கொல்வது. இரண்டு நுரையீரல்களையும் அது ஊடுருவினால் கரடி சில விநாடிகளில் வீழும். குடலில் தைத்தால் சாவதற்குப் பல மணி நேரம் ஆகும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கரடி வேட்டை குற்றமாகும். ஆதலின் ஈண்டு நாம் ஆராய்வது தொழிலையன்று, தொழிலினுள் பொதிந்த அறத்தையே.

ஈசியின் வில்

இக்கால அமெரிக்க வில்வேட்டையின் வரலாற்றில் மறக்கலாகாத பெயர் ஈசி. கலிபோர்னியாவின் யாகி என்னும் பழங்குடியில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். வெள்ளையர் குடியேற்றத்தில் அவர் இனத்தார் கூட்டங் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். மிஞ்சிய சிலர் பல்லாண்டுகள் மலைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். அனைவரும் மறைந்த பின், 1911-இல், ஈசி தனியராய் ஓரோவில் என்னும் ஊருக்கு வெளிப்பட்டு வந்தார். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்த நாள்களில், சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் அவரிடம் வில்செய்யவும் எய்யவும் கற்றார். 1916-இல் ஈசி காசநோயால் இறந்தார். போப் 1923-இல் வில்வேட்டை பற்றி எழுதிய நூலே அந்நாட்டில் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தது. 1961-இல் தோன்றிய வில்வேடர் கழகம் ஒன்று போப்பின் பெயரையும் அவர் தோழர் யங்கின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ஈசியும் மறைந்து நின்றே எய்தவர். பாறைக்குப் பின் பதுங்குவதும் விலங்கின் குரலைப் போலச் செய்து அழைப்பதும் அவர் கலையின் உறுப்புகள். ஆயினும் அவரைப் பழிக்க நமக்கு மனம் வாராது. உண்ண வேண்டியவன் ஒளிகிறான். புலி ஒளிவதைப் போன்றதே அது. கூடாவொழுக்கத்தைக் கடிய வந்த வள்ளுவரும் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனை உவமையாகக் காட்டினார். ஆங்கு அவர் சினம் பாய்வது தவவேடத்துள் மறைந்து தீமை செய்வான்மீது. தேவைக்காக ஒளிவது ஒன்று. தேவையின்றி ஒளிவது வேறொன்று. இன்று பரண் ஏறும் வில்லாளரில் பெரும்பாலோர் பசியால் ஏறுபவரல்லர். அவர்க்கு ஈசியின் விலக்கு கிட்டாது.

கட்டுண்ட கரடி

பசி இல்லாத வேட்டைக்கு ஓர் அறம் வேண்டுமென்று அமெரிக்கரே உணர்ந்தனர். நேரிய துரத்தல் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். விலங்கிற்குத் தப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்குச் சான்றாக எல்லாரும் கூறுவது 1902-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. குடியரசுத் தலைவர் தியடோர் ரூசுவெல்ட் மிசிசிப்பிக் காட்டில் வேட்டையாடச் சென்றார். வழிகாட்டியாக வந்த ஓல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து புகழ்பெற்ற வேடராக உயர்ந்தவர், கரடி ஒன்றைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுட மாட்டேன் என்று தலைவர் மறுத்துவிட்டார். கிளிபோர்டு பெர்ரிமன் அதனைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதிலிருந்து பிறந்ததே நம் குழந்தைகளும் கட்டிக்கொண்டு உறங்கும் டெடி கரடிப் பொம்மை.

கதையின் மறுபாதியை மக்கள் மறந்துவிட்டனர். அடிபட்டுத் துன்புற்ற அக்கரடியின் வேதனையை முடித்துவிடும்படி தலைவர் கூற, அது கத்தியால் கொல்லப்பட்டது. ரூசுவெல்ட்டின் மறுப்பு காத்தது யாரை? கரடியை அன்று, ரூசுவெல்ட்டின் பெருமையை. வேதனையை முடிக்கச் சொன்ன இரண்டாம் ஆணையே கரடியைக் கருதிப் பிறந்தது.

ஈண்டு இரண்டு அறங்கள் தம்முள் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஒன்று, வேடன் இழிந்தவன் ஆகாதபடி காக்கும் அறம். மற்றொன்று, விலங்கு துன்புறாதபடி காக்கும் அறம். இவ்விரண்டும் ஒன்றே என்று நாம் மயங்குகிறோம். பரண் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிடுகிறது.

மெயின் மாநிலத்தில் கரடி வேட்டையின் பெரும்பகுதி இரை வைத்து நடைபெறுவது. பழைய இனிப்பு ரொட்டிகளைக் காட்டில் குவித்து, கரடி நாள்தோறும் வந்து உண்ணப் பழக்கி, அருகிலுள்ள பரணில் வேடன் காத்திருப்பான். நேரிய துரத்தலைப் போற்றுவோர் இதனை வஞ்சனை என்பர். விருந்து வைத்துக் கொல்வதன்றோ இது? ஆதரிப்போர் கூறும் விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அஞ்சாது நின்று உண்ணும் கரடியை வேடன் நன்கு நோக்க இயலும். குட்டியோடு வந்த தாயா என்று தெளிய இயலும். நல்ல பக்கம் திரும்பும்வரை பொறுத்து எய்ய இயலும். ஆதலின் சாவு விரைவாக வரும் என்பர். கொலராடோ மக்கள் 1992-இல் வாக்களித்து இம்முறையைத் தடை செய்தனர். மெயின் மக்கள் 2014-இல் அத்தகைய தடையை வாக்களித்து நிராகரித்தனர். இரு மாநிலத்தாரும் அறத்தின் பெயராலேயே வாதிட்டனர்.

என் கருத்து இது. வேடனின் பெருமையைவிட விலங்கின் துன்பமே பெரிது. ஆதலின் பரணின் மறைவை மறைவு என்ற ஒரே காரணத்தால் நான் பழிக்கமாட்டேன். ஆனால் அம்மறைவுக்கு ஒரு விலை உண்டு. நேர் நின்று போரிடுவோன் குறி தவறினால், எதிரி அசைந்தான், நான் அஞ்சினேன் என்று கூறலாம். பரணில் இருப்பவனுக்கு அச்சொற்கள் இல்லை. காலமும் இடமும் தொலைவும் அவன் தேர்ந்தவை. மறைவு எதிர்நிற்கும் உயிரின் வாய்ப்பைப் பறிக்கும்போதே, எய்பவனின் சாக்குப்போக்குகளையும் பறித்துவிடுகிறது.

கற்பவனின் முதல் அம்பு

இனி, புதியவனுக்கு வருவோம். எல்லாக் கலையும் பிழை செய்தே கற்கப்படுகிறது. குயவன் மகனின் முதற்பானை கோணலாக வரும், இழப்பு மண்ணுக்கு. வில்வேடனின் முதற்பிழையைச் சுமப்பதோ உயிருள்ள உடல். தன் கல்விக்காகப் பிறிதோர் உயிர் பிழையின் விலையைக் கொடுக்கலாமா?

பிழைக்குரிய இடங்களும் பல. மேலிருந்து நோக்கும்போது தொலைவு கண்ணை ஏமாற்றும். மரத்தின் அடியிலேயே விலங்கு நின்றால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டுமே துளைக்கக்கூடும். முன்காலின் எலும்பும் தசையும் உயிர்நிலையை மறைக்கும். அக்கால் முன்னே நீளும்வரை பொறுத்தல் வேண்டும். கரடியின் அடர்ந்த மயிரும் தடித்த கொழுப்பும் குருதியை உறிஞ்சிவிடுவதால், காயமுற்று ஓடியதன் சுவடு நிலத்தில் எளிதில் தெரியாது. இருள் வேறு சூழும். காயத்தோடு தப்பிய கரடி எங்கோ கிடந்து மெல்லச் சாகும். எய்தவன் அதனை அறியவும் மாட்டான்.

ஆதலின்தான் அங்குள்ள நல்லாசிரியர்கள் புதியவனைப் பல மாதங்கள் வைக்கோற் குறியின்மீதும் பொம்மைக் கரடியின்மீதும், அதுவும் உயரத்திலிருந்தே, எய்து பழகச் செய்கின்றனர். வளைத்த வில்லை எய்யாமல் தளர்த்துவதையும் கற்பிக்கின்றனர். என் நோக்கில் அதுவே அக்கலையின் உயிர்நிலை. நாள் முழுதும் காத்திருந்து, உடல் விறைத்து, இறுதியில் வந்த கரடி சற்றே தவறான பக்கம் திரும்பி நிற்கும்போது, நாணைத் தளர்த்தி அதனைப் போகவிடும் ஆற்றல் வராதவனுக்கு அம்பைக் கையில் எடுக்கும் உரிமை இல்லை. அவ்வாற்றல் கைவந்த ஒருவன், எய்யாத மாலைகளே இனியவை என்று என்றேனும் உணரலாம். கொல்லாமையை ஓர் அதிகாரமாக வகுத்த மண்ணில் பிறந்த நமக்கு அது வியப்பாகாது.

வேட்டையால் காடு காக்கப்படுகிறது என்று கூறுவோர் உளர். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துப்பாக்கிகளின்மீதும், 1972-இல் வந்த திருத்தத்தால் வில் அம்புகளின்மீதும் விதிக்கப்பட்ட வரி அந்நாட்டு வனவிலங்குப் பணிக்குச் செல்வது உண்மையே. நாடு பெறும் அந்நன்மை, தனியொருவன் அவசரத்தில் விட்ட அம்பைத் தூயதாக்கிவிடாது.

நாமோ கரடி வேட்டைக்குச் செல்லப்போவதில்லை. ஆயினும் பரண்கள் காட்டில் மட்டுமா உள்ளன? முகம் காட்டாமல் ஒருவனின் விண்ணப்பத்தை மறுக்கும் அதிகாரி, பெயர் மறைத்து ஒருவனைத் தூற்றி எழுதுவோன், அயலூரில் பிழைக்க வந்தவனைப் பற்றி அவன் அறியாமல் முடிவு செய்யும் குழு — இவர்கள் அனைவரும் உயரத்தில் மறைந்து அமர்ந்தோரே. அவர்களுள் நாமும் அவ்வப்போது இருக்கிறோம். கீழே நிற்பவனுக்கு நம் வரவு தெரியாது. அவனுக்குத் தப்பும் வாய்ப்பு இல்லாத அந்நேரத்தில், ஐயம் இருக்கும்வரை நாணைத் தளர்த்துவதே நம் கடன்.