முதலில் ஏறுபவன் யார்?

கரையூர் என்று முன்னர் வழங்கிய குருநகரின் கடற்கரையில் மரவள்ளம் ஒன்று உருவாகும்போது, அதனைச் சுற்றி எந்நேரமும் ஒரு சிறு கூட்டம் நின்றதாக மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். ஏரா வைத்த நாள் தொட்டு, பலகை வளைந்து சேர்வதையும், பலகைகளின் இடுக்குகளில் பஞ்சு அடைக்கப்படுவதையும் சிறுவரும் கிழவரும் வந்து பார்ப்பராம். வள்ளம் அவர்களுடையதன்று, அதன் உழைப்பில் அவர்களுக்குப் பங்கில்லை, அது கொண்டுவரப்போகும் மீனிலும் பங்கில்லை. ஆயினும் பார்த்தனர். ஒரு பொருள் மனிதனின் கையில் பிறப்பதைக் காண்பதில் அப்படியொரு இன்பம் இருக்கின்றது.

கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அக்காட்சி அருகிவிட்டது. ஆனால் அந்த ஆசை அழியவில்லை என்பதை எமது வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் எமக்கு உணர்த்தினான். சென்னையை அடுத்த இள்ளலூரில், 600 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் செலவிட்டு அமைக்கப்பட்ட வொண்டர்லாப் பூங்கா 2025 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அங்குள்ள ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. தண்டவாளத்தின் கீழே இருக்கைகள் தொங்க, பயணிகளின் கால்கள் அந்தரத்தில் ஆடும் வகை அது. சுவிற்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பு. அது எழும்பிய காலத்திலேயே வெளிவந்த படங்களையும் காணொளிகளையும் அவன் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்தான். கடல் கடந்து சென்று அதில் ஏறும் வாய்ப்பு அவனுக்கு எந்நாள் கிட்டுமோ, நாம் அறியோம்.

எமக்கு முதலில் எழுந்தது சினமே. அடுப்பெரியாத வீடுகள் உள்ள நாட்டில், பணம் படைத்தோரின் இராட்டினத்துக்கு இத்தனை பக்தியா என்று கேட்கத் தோன்றிற்று. சற்றே சிந்தித்தபோது அச்சினம் நேர்மையானதன்று என உணர்ந்தோம். முடிந்த பொருளை நுகர்வதோடு நின்றுவிடாமல், அது எப்படி ஆகின்றது என்று அறிய விரும்புகிறவன் இழிந்த இரசிகன் அல்லன். சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்து விட்டபின், அதனைச் செலுத்த வேறு எந்திரம் வேண்டியதில்லை. புவியீர்ப்பே அதனை எல்லா வளைவுகளினூடும் கொண்டு செல்கின்றது. ஆகவே ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டாக வேண்டும். வகுப்பறையில் ஓராண்டு முயன்றும் அவன் மனத்தில் பதியாத பௌதிகத்தை இந்த ஆசை பதிய வைத்துவிட்டது.

அன்றியும், இரசிகரின் அன்பு வெறும் பொழுதுபோக்காக முடிவதும் இல்லை. நியூயோர்க்கின் கோனித் தீவில் 1884 ஆம் ஆண்டில் தொடங்கியது அமெரிக்கரின் ரோலர் கோஸ்டர் மோகம். அதே தீவில் 1927 இல் எழுந்த ‘சைக்ளோன்’ என்னும் மரக்கோஸ்டரை 1970 களில் இடித்துவிட முனைந்தபோது, அதனை நேசித்தோர் குரல் எழுப்பினர். அது பிழைத்தது, இன்றும் ஓடுகின்றது. 1978 இல் அமெரிக்க இரசிகர்கள் தமக்கெனச் சங்கமே அமைத்துக்கொண்டனர். பார்த்து நின்ற கூட்டம் பேசத் தொடங்கினால் உடைமையாளரும் செவிசாய்க்க வேண்டிவரும் என்பதற்கு இது சான்று.

எமது வினா இங்கேதான் பிறக்கின்றது. அந்தக் குரல் மரத்துக்காக எழுந்தது, மனிதனுக்காகவும் எழுமா?

புதிய விளையாட்டொன்றைப் பொதுமக்களுக்குத் திறக்குமுன் நீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கைகளில் வைத்து, வெறும் வண்டியாகவும் பாரத்தோடும் பன்முறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்திருக்கும் கட்டமும் அதுவே. ஆனால் 2016 மே மாதத்தில், சென்னைத் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில் புதிய இராட்டினம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது அதில் ஏறியிருந்தவர்கள் பொம்மைகள் அல்லர், பூங்காவின் ஊழியர்கள். இராட்டினம் சரிந்து வீழ்ந்தது. இளம் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் பலர் காயமுற்றனர். பொம்மை தாங்கவேண்டிய பாரத்தைக் கூலிக்காரனின் உடல் தாங்கிற்று.

“வேடிக்கை பார்ப்பவன் இதற்கு என்ன செய்வான்? குற்றம் அவனுடையதா?” என்று வாசகர் கேட்கலாம். குற்றம் அவனுடையதன்று. ஆயினும், அறிந்தவனின் பொறுப்பு அறியாதவனின் பொறுப்பைப் போன்றதன்று. தூண் எத்தனை, உயரம் எவ்வளவு, எந்நாள் எந்தத் துண்டு ஏறிற்று என்றெல்லாம் ஆர்வத்தோடு எண்ணுகிறவன், அந்த உயரத்தில் நின்று திருகாணி முடுக்கியவனின் இடுப்பில் காப்புப் பட்டி இருந்ததா என்று எண்ணாமற்போனால், அவனுடைய கண் பாதி குருடு. இரும்பைக் கண்டு மனிதனைக் காணாத கண் அது. உடைமையாளர் விளம்பரத்துக்கு வேண்டுவதும் அத்தகைய கண்ணையே.

இதனை எமது மாணவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். அவனது மகிழ்ச்சியைக் கெடுக்க எமக்கு மனமில்லை. ஈற்றில் ஒன்று மட்டும் கேட்டோம்: “தம்பி, முதலில் ஏறியது யார்?” அவன் கைத்தொலைபேசியைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான். பிறகு, “தெரியாது சேர், தேடிப் பார்க்கிறன்” என்றான்.

குருநகரில் புதுப்படகைச் சுவாமியார் மந்திரித்து நீரில் இறக்கும்போது சொந்தக்காரர் கரையில் நின்று கையசைப்பதில்லை, தாமே ஏறுகிறார். இதனால் எமது கரையைப் பொன்னுலகென்று புனையவில்லை. நாள்தோறும் கடலுக்குப் போகிறவனுக்கும் படகுக்கு உடையவனுக்கும் இடையே பங்கு பிரிக்கும்போது எழும் பூசல் இங்கும் உண்டு. எனினும், செய்வித்தவன் முதலில் ஏறவேண்டும் என்னும் அந்த ஒரு நெறி பெரியது. கோடிகளால் எழும் பூங்காக்களுக்கு அந்நெறியைக் கற்பிக்கத் தக்கவர்கள், அவை எழும்புவதை ஆசையோடு பார்த்து நிற்போரே. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். மேலே, அந்தத் தூணின் உச்சியில் தொங்கி நிற்பவனையும் சேர்த்துப் பார்க்கட்டும்.