மிச்சமாகும் நேரம் எவருக்கு உரியது?

புதுவையில் ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் தியாகிகள் நினைவுகூரப்படுகின்றனர். 1936ஆம் ஆண்டு அந்நாளில், எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் வேண்டிப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டனர். 12 பேர் உயிர் நீத்தனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று.

கைத்தறியில் பல நாள் நெய்வதை ஆலைத்தறி ஒரே நாளில் நெய்தது. ஆயினும் உழைப்போரின் வேலைநேரம் தானாகக் குறையவில்லை. பொறி நேரத்தை மிச்சமாக்கும். அம்மிச்சம் எவருக்கு என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

இன்று செயற்கை நுண்ணறிவு அவ்வினாவை மீண்டும் எழுப்புகிறது. எழுத்தர் பணிகளே இதனால் மிகுதியும் மாறும் என்றும், பெரும்பாலான தொழில்கள் அழியாமல் உருமாறும் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

நால்வர் கணக்கெழுதும் ஒரு நிறுவனத்தை எண்ணுவோம். புதிய கருவி வந்தபின் அவ்வேலைக்கு இருவர் போதும். உரிமையாளர் இருவரை நீக்கி, அவர்தம் ஊதியத்தை இலாபத்தில் சேர்க்கலாம். நால்வரிடமும் இருமடங்கு வேலையைப் பழைய ஊதியத்திற்கே பெறலாம். அல்லது வேலைநேரத்தைக் குறைத்தோ ஊதியத்தை உயர்த்தியோ பயனைப் பங்கிடலாம். மூன்றும் சட்டத்திற்கு உட்பட்டே நிகழக்கூடும். ஆனால் மூன்றும் அறமாகா.

கருவிக்குப் பணம் கொடுத்தவருக்கே பயனும் உரியது என்பர் சிலர். முதலிட்டவருக்குப் பங்குண்டு, நட்டத்தில் வீழும் நிறுவனம் எவருக்கும் ஊதியம் தர இயலாது என்பதும் உண்மையே. எனினும் இக்கருவி எங்கிருந்து கற்றது? எண்ணற்ற எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் கணினி வல்லுநரும் எழுதி வைத்தவற்றைப் பயின்றே கற்றது. பலர் உழைப்பில் விளைந்ததை ஒருவரே முழுதும் கொள்ளுதல் முறையாகுமா?

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் இல்லறத்தாரைப் பொருள் ஈட்ட வேண்டாம் எனத் தடுக்கவில்லை. ஈட்டும் பொருளுக்கு அளவு வகுக்கச் சொல்கிறது. அவ்வளவு இங்கும் பொருந்தும். நம்முள் தொழில் நடத்துவோர், கருவி வாங்கும் முன்னரே பணியாளரிடம் அதனைத் தெரிவிக்கலாம். புதிய வேலையைக் கற்க அவருக்குக் காலம் தரலாம். வரும் பயனில் அவர் பங்கு இன்னதென வரையறுக்கலாம்.

அன்று பன்னிருவர் உயிர் கொடுத்த பின்னரே கிடைத்தது வேலைநேரக் குறைப்பு. இன்று அதனை எவரும் கேட்கும் முன்னரே அளிக்க நமக்கு வாய்ப்புள்ளது. சிந்திப்போமாக!