மாத்திரையை ஒளித்துக் கொடுத்த தாய்



சில மாதங்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூர் இரயிலடியில் நாம் சிதம்பரம் வண்டிக்காகக் காத்திருந்தோம். நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருவர் தம் மகனுடன் வந்தார். பையனுக்கு ஒன்பது வயது, ஓரிடத்தில் நில்லான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான், தண்டவாளத்தை எட்டிப் பார்த்தான், தாயின் கையை நான்கு முறை உதறினான். அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஹஜ்ரத், டாக்டர் கொடுத்த மாத்திரையை வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். மாமி பார்த்துவிட்டார்கள். 'என் பேரனைப் பைத்தியம் என்கிறாயா? உன் ஈமான் எங்கே போயிற்று?' என்று குப்பையில் எறிந்துவிட்டார்கள். நான் பாவம் செய்துவிட்டேனா?"

வண்டி வந்துவிட்டது. "இல்லை, தாயே" என்று மட்டும் சொல்லி ஏறினோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

இந்நிலைக்கு மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்கிறார்கள். கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும், துடிப்பை அடக்குவதும் இப்பிள்ளைகளுக்குக் கடினம். சேட்டை செய்யும் பிள்ளைக்கெல்லாம் இப்பெயர் பொருந்தாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்திற்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒருபோலக் காணப்பட்டு, அவன் படிப்பையும் வாழ்வையும் கெடுத்தால்தான் மருத்துவர் அதை உறுதி செய்வார். இது தாயின் வளர்ப்புக் குற்றமன்று; பிள்ளையின் திமிருமன்று.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம். மக்தபில் நாம் ஓதிக் கொடுத்த காலத்தில் இப்படியொரு பையனைப் பிரம்பால் அடித்திருக்கிறோம். ஒரு வரியை ஓதி முடிக்குமுன் எழுந்து ஓடிவிடுவான். ஷைத்தானின் வேலை என்றே எண்ணினோம். ஓதுவதையே விட்டுவிட்டான் அவன். அந்தப் பிரம்படிக்கு நாளை மறுமையில் நாம் என்ன பதில் சொல்வோம்?

மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதா? கிராமத்து அரபிகள் இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் நிவாரணமின்றி இறக்கவில்லை என்றும் நபியவர்கள் விடை பகர்ந்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கி.பி. 934-இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்குமாக ஒரே நூலை எழுதினார். உள்ளமும் நோயுறும் என்பது நம் முன்னோருக்குப் புதிதன்று.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு கசப்பான சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். ஷிஃபா தேடித்தான் அவர்களைக் குடும்பத்தார் அங்கே விட்டிருந்தார்கள். பிற்பாடு அதே ஊரில் துவாவோடு மருந்தும் கொடுக்க அரசு மருத்துவர்கள் வந்தார்கள். முன்பே வந்திருக்கலாகாதா?

இனி மாத்திரையைப் பற்றி. மெதில்பெனிடேட் என்ற இம்மருந்து 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. மூளையில் கவனத்திற்கு உதவும் டோபமின் முதலியவற்றை இது கூட்டுகிறது. சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசி குறையலாம், தூக்கம் கெடலாம். ஆகவே பிள்ளையின் எடை, உயரம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் பார்த்து வருவார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சியே, மருந்து பிறகுதான்.

"போதை மருந்தாமே, ஹராமில்லையா?" என்பாரும் உண்டு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இது இருப்பது மெய்தான். தேவையற்றவர்கள் தவறாக உட்கொள்வார்கள் என்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. மருத்துவர் குறித்த அளவில் நோயுள்ள பிள்ளைக்குக் கொடுப்பது போதையன்று. வாழைப்பழத்தில் வைக்கும் தாய்மாருக்கு ஒரு சொல்: நாள் முழுவதும் வேலை செய்யும் வகை மாத்திரையைச் சிலர் நசுக்கிவிடுகிறார்கள். அது கூடாது, நசுக்கினால் மருந்து முழுதும் ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டைக் குடும்பங்கள் பல வளைகுடாவில் இருக்கின்றன. அங்குள்ள அரபு வீடுகளிலும் கண்ணேறு, ஜின் தீண்டல் என்ற பேச்சு உண்டு. 'மஜ்னூன்' என்ற பட்டத்திற்கு அஞ்சிப் பிள்ளையை மறைப்பாரும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இம்மருந்தைக் கொண்டு செல்வோர் அங்குள்ள சுகாதாரத் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வருவோர் பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பி வம்பில் மாட்டாதீர்கள்.

அந்தப் பையனின் பாட்டியாருக்கு நாம் சொல்லியனுப்பியது இதுதான்: நீங்கள் ஓதுவதை நிறுத்த வேண்டாம், அம்மா. தினமும் காலையில் பேரன் வயிறாரச் சாப்பிட்டதும் ஃபாத்திஹா ஓதி ஊதிய தண்ணீரை நீங்களே அவன் கையில் கொடுங்கள். டாக்டரிடம் மறுபடி காட்டி வாங்கிய மாத்திரையை அந்தத் தண்ணீரிலேயே அவன் விழுங்கட்டும்.