பெயரை மறைத்தாலும்

திருப்பூரில் ஒரே கூடத்தில் தைக்கும் பனியன்கள் வெவ்வேறு நாட்டுப் பெயர்களைத் தாங்கிக் கப்பலேறுகின்றன. லேபிளை அறுத்துவிட்டால் எது எவருடையதென்று அறிய ஒண்ணாது. ஆழ்வார்களும் பதிகத்தின் கடைசிப் பாசுரத்தில் தம் திருநாமத்தை இட்டருளுவர். அதை மறைத்து ஸேவித்தாலும் இது சடகோபர் வாக்கு, இது கலியன் வாக்கு என்று அடியோங்கள் அறிகிறோமே! மார்கழி விடியலில் இரவு ஷிப்ட் முடிந்து இவ்வூர் வீரராகவப் பெருமாள் ஸந்நிதிக்கு வருபவர், கோதை தன் பெயர் சொல்லும் 30ஆம் பாசுரம் வரை காத்திருக்க வேணுமோ?

ஐயம் இங்கே எழுகிறது. தம்மைக்கொண்டு எம்பெருமானே தன்னைப் பாடிக்கொண்டான் என்று நம்மாழ்வார் திருவாய்மொழி ஏழாம் பத்தில் ஈடுபடுகிறார். பாடினவன் ஒருவனேயாகில் குரல் பலவானது எங்ஙனே? அவன் ஆழ்வார்களின் நெஞ்சை அழித்துவிட்டுப் பாடவில்லை. அவரவர் நெஞ்சின் தன்மையிலே நின்று பாடுவித்தான் என்றே கொள்ளவேணும். பிரிவாற்றாமையால் நம்மாழ்வார் தாயும் மகளும் தோழியுமானார். ஆண்டாளுக்குப் பெண்ணாகும் வருத்தமில்லை. அவள் காதல் பள்ளத்தில் பாயும் நீர் என்பர் பூர்வர்கள். அதனாலேயே நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் சில, கேட்போர் கூசும்படி வெளிப்படையானவை. பெரியவாச்சான்பிள்ளை அவற்றில் ஒன்றையும் விலக்காமல் அனைத்துக்கும் வியாக்யானமிட்டருளினார்.